கிந்தாச் சரிவுகளின் மண் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் வரையிலும், தெற்கே கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் வழியாகச் சிலிம் ரிவர் வரையிலும், மத்திய மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் பழைய ரப்பர்த் தோட்டங்களில், வயது முதிர்ந்த பால்மரங்களோ, அவற்றுக்குப் பின் வந்து காலம் முடிந்த செம்பனைகளோ வீழ்த்தப்பட்டு, அடுத்த நடவுக்காக நிலம் செந்நிறமாகத் திறந்து கிடக்கும் காட்சி இந்தப் பிரதேசத்து ஜனங்களுக்குப் புதியதன்று. பிற்பகலில் இடியோடு இறங்கும் மழை அந்த நிலத்தின்மேல் ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்தால், சரிவுக்குக் கீழே ஓடும் ஓடைகளெல்லாம் கலங்கிச் சிவந்து கிந்தா முதலிய நதிகளை நோக்கி விரைகின்றன. அந்தக் கலங்கல் நீரில் எத்தனை டன் மண் போயிற்று, எந்தச் சரிவிலிருந்து போயிற்று, எந்த மாதத்து மழையில் அதிகமாகப் போயிற்று என்று கேட்போமானால், நமக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு சூத்திரத்திலிருந்து வருகிறது. அந்தச் சரிவிலேயே நீரைப் பிடித்து, மண்ணை உலர்த்தி, நிறுத்துப் பார்த்த கணக்கிலிருந்து வருவது மிக அபூர்வம். சூத்திரம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயமல்ல. அளவையிலிருந்து பிறந்த ஒரு சூத்திரத்துக்கு, அளவையே நடவாத நிலத்தில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நாம் வழங்கிவிட்டோமே என்பதுதான் என் கவலை.

மழைநீர் ஓடுவதால் மண் அரிகிறது என்பது பொதுவான எண்ணம். ஓட்டத்துக்கு முன்னால் நிகழும் ஒரு காரியம் அதைவிட முக்கியமானது. ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மூடுவதற்கு ஒன்றுமில்லாத மண்ணில் அது மோதும்போது மண்கட்டி உடைந்து, துகள்கள் நாற்புறமும் தெறித்து, நுண்ணிய துகள்கள் மேற்பரப்பின் துவாரங்களை அடைத்து, நீர் உள்ளே இறங்கும் வழியையே மூடிவிடுகின்றன. அதன் பிறகே, இறங்க வழியில்லாத நீர் உடைந்து கிடக்கும் மண்ணைச் சுமந்துகொண்டு சரிவில் ஓடத் தொடங்குகிறது. 1950-களில், அன்று தென் ரொடீஷியா என்றும் இன்று ஜிம்பாப்வே என்றும் வழங்கும் நாட்டில், நார்மன் ஹட்சன் என்ற ஆராய்ச்சியாளர் இந்த உண்மையை மிக எளிய முறையில் நிரூபித்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகள். இரண்டிலும் ஒரு புல்கூட இல்லை. ஒன்றின்மேல் மட்டும் கொசுவலை போன்ற மெல்லிய கம்பிவலை தரைக்குச் சற்று மேலே விரிக்கப்பட்டது. பெய்த மழையில் குறைவில்லை, சரிவில் மாறுதலில்லை; துளியின் மோதுகை மட்டும் தணிந்தது. பத்து வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, வலையில்லாத பாத்தி இழந்த மண் வலை விரித்த பாத்தி இழந்ததைப்போல நூறு மடங்குக்கும் மேலாக இருந்தது.

இந்தப் பரிசோதனையின் பொருளைப் பேராக்கின் பழைய தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் நன்கு உணர முடியும். பால்மரத்தின் கிளைக்கூட்டம் மழையைத் தாங்கிக்கொள்கிறது, ஆகவே மண் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இலைகளில் தேங்கி, ஒன்றுகூடிப் பருத்துச் சொட்டும் துளி, எட்டு மீட்டருக்குமேல் உயரத்திலிருந்து விழுமானால், வானத்திலிருந்து நேரே வந்த துளியின் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் திரும்பப் பெற்றுவிடுகிறது. மரத்தின் அடியில் புல்லும் பூண்டும் சருகும் இருந்தால்தான் அந்த அடி மண்ணில் படாமல் தடுக்கப்படும். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டத் துரைமார்களின் பெருமையெல்லாம், தம் தோட்டத்தில் ஒரு களைகூட இல்லை என்பதிலேதான் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஆணும் பெண்ணும், வெளிக்காட்டு வேலை என்ற பெயரில், நிரைகளுக்கிடையே முளைத்த பச்சையை எல்லாம் மாதந்தோறும் செதுக்கி எறிந்து, செம்மண்ணைப் பளிச்சென்று வைத்திருக்கும்படி ஏவப்பட்டனர். களை எடுத்த தொழிலாளியின் பிரயாசை முழுவதும், ஹட்சனுடைய பரிசோதனையின் வலையில்லாத பாத்தியை ஆயிரக்கணக்கான ஏக்கரில் உண்டாக்குவதற்கே பயன்பட்டது என்பதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

இதை உணர்ந்து திருத்தியவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 1925-ல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹெய்ன்ஸ், 1934-ல் வெளியான தமது கைந்நூலில், மரங்களுக்கடியில் தானே வளரும் செடிகொடிகளை அடியோடு அழிக்காமல் கட்டுப்படுத்தி வளர்ப்பதன் பயனை எடுத்து விளக்கினார். புயெராரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் என்ற அவரையினக் கொடிகள் மூடுபயிராக விதைக்கப்பட்டன. சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வரம்புகளும் படிகளும் வெட்டப்பட்டன. ஓடும் நீர் நின்று மண்ணை விட்டுச் செல்லும்படி நிரைகளுக்கிடையே நீண்ட குழிகள் தோண்டப்பட்டன. இவற்றை வெட்டிய மண்வெட்டிகள் நம் பாட்டன் பாட்டிமாருடையவை. எத்தனை கெஜம் குழி வெட்டினார்கள் என்பதைக் கணக்கெழுதிய கிராணி, அந்தக் குழிகளில் வருஷத்துக்கு எவ்வளவு மண் தங்கிற்று என்பதையும் எழுதி வைத்திருந்தால், அது உலகத்தின் மிகச் சிறந்த மண் அரிப்புப் பதிவேடுகளுள் ஒன்றாக இன்று விளங்கியிருக்கும்.

அத்தகைய பதிவேட்டை அமெரிக்கர்கள் எழுதினார்கள். 1917-ல் மிசௌரி மாகாணத்தில் மில்லர் என்ற பேராசிரியர் சிறு பாத்திகளை வகுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் தொட்டி வைத்து, மழைக்கு மழை வழிந்த நீரையும் மண்ணையும் அளக்கத் தொடங்கினார். பின்னர் 1930-களில் புழுதிப்புயல் அந்த நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியபோது, ஹியூ பென்னட் என்பவருடைய இடைவிடாத பிரசாரத்தால் மண் பாதுகாப்புக்கென்றே 1935-ல் ஒரு சட்டம் பிறந்தது. மாகாணந்தோறும் அளவைப் பாத்திகள் பெருகின. 1954-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அந்த அளவைகளெல்லாம் ஒருங்கே திரட்டப்பட்டன. ஒரு பாத்தியை ஒரு வருஷம் அளந்தால் ஒன்று என்று எண்ணினால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அளவைகள் அங்கே சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து வால்டர் விஷ்மையர், டுவைட் ஸ்மித் என்ற இருவர் 1965-ல் வெளியிட்டதுதான் மண் இழப்பின் பொதுச் சமன்பாடு. மழையின் அரிக்கும் சக்தி, மண் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சரிவின் சாய்வு, பயிரின் மூடாக்கு, நிலத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு ஆகிய ஆறையும் ஒன்றோடொன்று பெருக்கினால், ஒரு வருஷத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து சராசரியாக எத்தனை டன் மண் பெயரும் என்பது வந்துவிடும். ஒப்புநோக்குவதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பிரமாணப் பாத்தி 22.13 மீட்டர் நீளமும் நூற்றுக்கு ஒன்பது சாய்வும் உடையது. இந்த விசித்திரமான நீளம் எங்கிருந்து வந்தது? 72.6 அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட பாத்தி ஓர் ஏக்கரில் சரியாக நூறில் ஒரு பங்காகும். கணக்குக்கு அது வசதியாக இருந்தது. உலகத்தில் எந்த மலைச்சரிவுக்கு இந்தச் சமன்பாட்டைப் போட்டாலும், அமெரிக்க ஏக்கரின் அந்த நூறில் ஒரு பங்கு அதனுள்ளே அமர்ந்திருக்கிறது.

பர்மா முதல் பிரேசில் வரை எங்கும் பரவிய இந்தச் சமன்பாடு மலேசியாவுக்கும் வந்தது. 1996-ல் சுற்றுச்சூழல் துறையும், 2010-ல் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் வெளியிட்ட வழிகாட்டி நூல்கள் மண் அரிப்பைக் கட்டுப்படுத்தும் முறைகளை விளக்குகின்றன. இன்று ஒரு தோட்டமோ குடியிருப்போ பெரிய அளவில் நிலத்தைத் திறக்க விண்ணப்பித்தால், அதன் சுற்றுச்சூழல் அறிக்கையில் இச்சமன்பாட்டின் வழியே வந்த எண் ஒன்று இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பேராக்கின் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது மழை. சமன்பாடு கேட்பது மழையின் மொத்த அளவையன்று. ஒவ்வொரு மழையின் உக்கிரத்தையும், அதிலும் மிக உக்கிரமான முப்பது நிமிஷத்தையும் அது கேட்கிறது. தோட்ட ஆபீசுகளில் காலைதோறும் மழைமானியைப் பார்த்து எழுதி வைத்த பழைய ஏடுகள் விலைமதிப்பற்றவையே. ஆயினும் அறுபது மில்லிமீட்டர் மழை இரவு முழுவதும் தூறிப் பெய்ததா, ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா என்பதை அவை சொல்வதில்லை. மண்ணுக்கோ அந்த வித்தியாசமே சர்வமும். இந்தக் குறையை ஈடுசெய்வதற்காக மார்கன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1974-ல் தீபகற்ப மலேசியாவுக்கென்று ஒரு சுருக்கு வழியை வகுத்தார்: வருஷ மழையை மில்லிமீட்டரில் எடுத்து, 9.28-ஆல் பெருக்கி, 8,838-ஐக் கழித்தால் மழையின் அரிக்கும் சக்தி கிடைக்கும். ஈப்போவுக்கு வருஷ மழையை 2,400 மில்லிமீட்டர் என்று கொண்டால் 13,434 வருகிறது. தைப்பிங்குக்கு 4,000 என்று கொண்டால் 28,282 வருகிறது. மழை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அரிக்கும் சக்தியோ இரண்டு மடங்குக்கும் மேல். இதுவரை சூத்திரம் நல்லறிவையே புகட்டுகிறது. இதே சூத்திரத்தைக் கடல் கடந்து கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு எடுத்துச் சென்று, வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்துப் பார்த்தால், பூஜ்யத்துக்கும் கீழே இரண்டாயிரத்துச் சொச்சம் போய்விடுகிறது! கொங்குநாட்டு மானாவாரி நிலங்களில் ஐப்பசி மழை மண்ணைக் கொண்டுபோவதைக் கண்ணால் கண்டவர்கள் இதை ஏற்பார்களா? மார்கனிடத்தில் பிழையில்லை. அவர் மலாயா மழையை வைத்து மலாயாவுக்குச் சொன்னார். ஒரு நாட்டின் அளவையில் பிறந்தது இன்னொரு நாட்டில் அர்த்தமே இழந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பாத்தியில் பிறந்த உறுப்புகளைச் சுங்கை சிப்புட்டின் சரிவில் பொருத்தும்போது, இத்தகைய அபத்தம் வெளிப்படையாகத் தெரிவதில்லை. எண் கண்ணியமாகவே தோற்றமளிக்கிறது. அதனாலேயே அபாயம் அதிகம்.

சாய்வை எடுத்துக்கொண்டால் அந்த அபாயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்க அளவைப் பாத்திகளின் சாய்வு பெரும்பாலும் நூற்றுக்கு மூன்றிலிருந்து பதினெட்டு வரைதான். அதாவது பத்துப் பாகைக்கு மேலே அவர்கள் அதிகம் அளக்கவில்லை. கோதுமையும் சோளமும் விளையும் நிலத்துக்கு அது போதும். நம்முடைய தோட்டங்களோ மலையடிவாரத்தில் பதினைந்து, இருபது பாகைச் சரிவுகளில் ஏறிப் படர்ந்தவை. செம்பனை நடுவதற்கு உச்ச வரம்பாக இன்று பேசப்படுவது இருபத்தைந்து பாகை. அந்த இருபத்தைந்து பாகைச் சரிவுக்கு, சமன்பாட்டின் 1978-ஆம் வருஷத்துப் பதிப்பின் சாய்வுச் சூத்திரத்தைப் போட்டால், பிரமாணப் பாத்தியைப்போல ஏறத்தாழ 13.7 மடங்கு என்று வருகிறது. 1997-ல் அதே சமன்பாட்டைத் திருத்தி வெளியிட்ட பதிப்பின் சூத்திரத்தைப் போட்டால் 6.6 மடங்கு என்று வருகிறது. நூற்றுக்கு ஒன்பது சாய்வில் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. நம்முடைய மலையில் ஏறினதும் ஒன்று மற்றொன்றின் பாதியாகிவிடுகிறது. ஓர் அறிக்கை எழுதுபவர் எந்தப் பதிப்பை எடுத்தார் என்பதைப் பொறுத்து, ஒரே தோட்டம் அனுமதிக்குத் தகுந்ததாகவும் தகாததாகவும் தோன்றலாம். இவற்றுள் எது நம் சரிவுக்குப் பொருந்தும் என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது. சரிவில் பாத்தி கட்டி, தொட்டி வைத்து, அளந்தே தீர்க்க வேண்டும்.

இனி மூடாக்கு. ஆறு உறுப்புகளில் மனிதன் கையில் முழுவதும் அடங்கியவற்றுள் இது ஒன்று. மிக விரிந்து மாறுவதும் இதுவே. வெற்று நிலத்துக்கு ஒன்று என்று வைத்தால், அடர்ந்த காட்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு அது இறங்கும். செம்பனைத் தோட்டத்துக்கு ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டு அறிக்கையை முடித்துவிடும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. செம்பனைக்கு ஆயுள் இருபத்தைந்து வருஷம் என்று கொள்வோம். மரம் வீழ்ந்து, மண் புரண்டு, மூடுபயிர் படராத முதல் வருஷத்துக்கு ஒன்று என்றும், மற்ற இருபத்து நான்கு வருஷங்களுக்குப் பத்தில் ஒன்று என்றும் உதாரணத்துக்காக வைத்துக் கூட்டினால் மொத்தம் 3.4 வரும். அதில் அந்த ஒரே வருஷத்தின் பங்கு நூற்றுக்கு இருபத்தொன்பது. சராசரி எடுத்தால் 0.136 என்ற சாதுவான எண் கிடைக்கும்; அதற்குள்ளே, கால் நூற்றாண்டு இழப்பில் கால் பங்குக்குமேல் ஒரே வருஷத்தில் நிகழ்ந்தது மறைந்துவிடும். அந்த ஒரு வருஷத்துக்குள்ளும், பெருமழைகள் சிலவே பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. பேராக்கில் மழை மிகுவது ஏப்ரல் மாத வாக்கிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். ஆகவே மரத்தை வீழ்த்தும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நிலத்தின் விதி பாதி நிர்ணயமாகிவிடுகிறது. ஹெக்டேருக்குப் பதின்மூன்று டன் மண் போனால் மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டர் இறங்கும். நூறு டன் போனாலும் எட்டு மில்லிமீட்டர்தான். நடந்து செல்பவன் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் போவது உரத்தையும் மக்கையும் பிடித்து வைத்திருந்த மேல்மண்.

விஷ்மையர் தாமே 1976-ல் ஒரு கட்டுரை எழுதித் தம் சமன்பாட்டின் தகுந்த பிரயோகத்தையும் தகாத பிரயோகத்தையும் பிரித்துக் காட்டினார். நீண்டகாலச் சராசரிக்காக ஆக்கியதைத் தனி மழை ஒன்றுக்குப் போட வேண்டாம் என்றார். சரிவிலிருந்து பெயர்ந்த மண்ணெல்லாம் நதியைச் சேர்ந்துவிட்டதாகக் கருத வேண்டாம் என்றார். பெயர்ந்த மண்ணில் ஒரு பகுதி சரிவின் அடியிலேயே தங்கும். ஒரு பகுதி வாய்க்காலில் படியும். எஞ்சியதே நதிக்குச் செல்லும். ஓடைக்கரை இடிவதும், நீர் கூடிப் பெருவாரியாகப் பள்ளம் பறிப்பதும் சமன்பாட்டில் சேரவே சேரா.

நதிக்குச் சென்ற மண்ணின் கதையைக் கிந்தாப் பள்ளத்தாக்குக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கோப்பெங்கில் குழாய்நீரைப் பீச்சி மலையைக் கரைத்து ஈயம் எடுத்த காலத்தில் வண்டலால் நதிப்படுகை உயர்ந்ததும், 1926-ன் பெருவெள்ளமும், 1932-ல் வடிகால் நீர்ப்பாசனத் துறை பிறந்ததும் ஒரே காலத்துச் சரித்திரம். ஈயத்தின் விலை 1985-ல் வீழ்ந்து சுரங்கங்கள் ஓய்ந்தன. நதியின் கலங்கலுக்கு இனிச் சுரங்கத்தைக் காரணம் காட்ட முடியாது. மலைமேலே கேமரன் மலையின் அனுபவம் இன்னும் கண்டிப்பானது. 1950-களிலேயே மின்சார வாரியத்துக்காக ஷாலோ என்பவர் அங்குள்ள நீரோடைகளை அளந்து, காடு மூடிய தெலோம் ஆற்றைக் காட்டிலும் தேயிலையும் காய்கறியும் பயிரான ஆறுகள் பன்மடங்கு வண்டலைச் சுமந்ததைப் பதிவு செய்தார். அந்த எச்சரிக்கைக்குப் பின்னரே 1963-ல் சுல்தான் அபூபக்கர் அணை எழுந்தது. அதன் நீர் சுரங்கவழியே இறங்கிப் பேராக்கின் பத்தாங் பாடாங் மாவட்டத்து ஜோர் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள் பெருகப் பெருக, அந்த அணை தேக்கிய ரிங்லெட் ஏரியின் கொள்ளளவில் பெரும்பங்கை வண்டல் பிடித்துக்கொண்டது. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது அணைக்குக் கீழுள்ள பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் பறிபோயின. ஏரியில் வண்டல் வாங்கிக்கொண்ட இடம், வெள்ளத்தை வாங்க வேண்டிய இடமாகும்.

அளப்பது நம்மால் இயலாத காரியமா? நீலகிரியில், உருளைக்கிழங்கு நடும் சரிவுகளுக்காக, 1954-லேயே உதகமண்டலத்தில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, மேலிருந்து கீழாக உழுத பாத்தியையும் சமமட்டத்தில் நட்ட பாத்தியையும் படிவெட்டிய நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். மலேசியாவிலேயே பகாங் மாநிலத்துச் சுங்கை தெக்காமில், காடு அழிந்து செம்பனையும் கொக்கோவும் ஆவதற்கு முன்னும் பின்னும் நீரும் மண்ணும் எவ்வாறு மாறுகின்றன என்பதை 1977 முதல் வடிகால் நீர்ப்பாசனத் துறை அளந்தது. அந்த முயற்சி காட்டைப் பற்றியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் ஒரு முறை மறுநடவாகி, தனித்தனித் துண்டுகளாக வாழையும் மரவள்ளியும் காய்கறியும் கலந்து நிற்கும் பழைய தோட்ட நிலத்துக்கு அதே அக்கறை கிடைக்க வேண்டும். மரவள்ளியைப் பிடுங்கும் நாளில் சரிவு எப்படிக் குலைந்து கிடக்கிறது என்பதைச் சிறுநிலக்காரர்கள் அறிவார்கள்.

வேண்டியது பெரிய செலவன்று. கருங்கல் சிதைந்து உண்டான மண் ஓரிடத்தில், மணற்பாறை மண் இன்னோரிடத்தில்; பத்துப் பாகை, பதினைந்து பாகை, இருபது பாகைச் சரிவுகள்; ஒவ்வொன்றிலும் வெற்றுப் பாத்தி ஒன்று, மூடுபயிர்ப் பாத்தி ஒன்று, மட்டைகளைச் சமமட்டத்தில் அடுக்கிய பாத்தி ஒன்று. அடியில் தொட்டி, பக்கத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் மழையைக் குறிக்கும் தானியங்கி மழைமானி, கீழே ஓடும் ஓடையில் கலங்கலை அளக்கும் கருவி. மரம் வீழ்வதற்கு ஒரு வருஷம் முன்பே இவை நிற்க வேண்டும். வீழ்ந்த பிறகு வைத்தால் மிக முக்கியமான மழைகள் போய்விட்டிருக்கும். குறைந்தது பத்து வருஷம் இடையறாமல் அளக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் முடியும் ஆராய்ச்சி மானியங்களால் இது ஆகாது. மாநில அரசும் வடிகால் துறையும் பல்கலைக்கழகங்களும் இதைத் தாங்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற, நிலத்தை உடைமையாகக் கொண்ட தமிழர் அமைப்புகள், தம் மறுநடவு நிலங்களில் ஒரு சரிவையேனும் இதற்காக ஒதுக்குமானால், அங்கே கிடைக்கும் எண்கள் பேராக்குக்கு மட்டுமன்றி, இந்தத் தீபகற்பத்தின் மேற்குக்கரைத் தோட்டங்கள் அனைத்துக்கும் பிரமாணமாகும்.

அதுவரையில் அறிக்கைகளை ஏற்கும் அதிகாரிகள் மூன்று காரியங்களையேனும் வற்புறுத்தலாம். சமன்பாட்டின் எந்தப் பதிப்பு எடுத்தாளப்பட்டது என்பது எழுதப்பட வேண்டும். நிலம் திறந்து கிடக்கும் முதல் இரண்டு வருஷத்து இழப்பு, இருபத்தைந்து வருஷச் சராசரியில் கரைக்கப்படாமல், தனியே காட்டப்பட வேண்டும். மூடுபயிர் நிலத்தை மூடிய பிறகே அடுத்த சரிவில் மரம் வீழ்த்தலாம் என்ற நிபந்தனை, அக்டோபர் மழைக்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்க்கப்பட வேண்டும்.